குழாயிடம் சொன்ன கனவு

ஆவுடைத்தாயின் வலது கை விரல்கள் மடங்க மறுத்தன. மலையாளத்து ஊரில், ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிறவளுக்கு விரல்தான் பிழைப்பு. முதலாளி ஷிபு, "கை ரெடியாயிட்டு வந்தா மதி, சேச்சி" என்று மலையாளம் கலந்து சொல்லி, அதுவரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டான். நரம்பில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்.

"கை மடங்கலைன்னா மண்டைக்கு எதுக்குட்டி வைத்தியம்?" என்று சிரித்தார் புருஷன் குற்றாலலிங்கம்.

ஆலோசகர் ஜானவி கரமனை அக்ரஹாரத்துப் பெண். தமிழிலேயே பேசினாள். "நீங்க மறந்துட்டதா நினைக்கற ஏதோ ஒண்ணைக் கை மறக்காம வெச்சிண்டிருக்கும், சேச்சி. அது கனவுல வேஷம் போட்டுண்டு வரும். என்ன கனவு வந்தாலும் சொல்லுங்கோ."

"கனவே வரலம்மா" என்று வாரா வாரம் சொல்லிவந்தாள் ஆவுடைத்தாய். ஒருநாள் அந்தப் பெண்ணின் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் உண்மையைச் சொன்னாள். கெட்ட கனவு வந்தால் விடிந்ததும் ஓடுகிற தண்ணீரிடம் சொல்லிவிட வேண்டும். மனுஷரிடம் சொன்னால் பலித்துவிடும். ஊரில் வாய்க்கால், இங்கே குழாய்.

"அடக் கடவுளே! எனக்கு வரவேண்டியதெல்லாம் குழாய்க்கா போயிண்டிருந்தது?"

ஜானவி எழுந்து மூலையிலிருந்த வாஷ்பேசின் குழாயைத் திறந்துவிட்டாள். "எனக்குச் சொல்ல வேண்டாம். அதுக்கே சொல்லுங்கோ. நான் சும்மா பின்னாடி நிக்கறேன்."

ஆவுடைத்தாய் தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். "கிணத்துல இறைக்கேன். வாளி மேல வர மாட்டேங்குது. விடாம இழுக்கேன். கயிறு... பின்னியிருக்கு. நுனியில ரிப்பன்."

"யாரோட சடை, சேச்சி?"

ஓடுகிற தண்ணீரிடமே அதையும் சொன்னாள்.

சில வருஷம் முன்னால், தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் வித்துராவிலிருந்த சிநேகிதி வீட்டுக்கு ஓடக் கிளம்பினாள் மகள் பொன்செல்வி. பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்க அவள் சடையைப் பிடித்து இழுத்து வந்தது இந்தக் கை. "நல்லபடியா கட்டிக் குடுத்தேன்" என்றுதான் ஆவுடைத்தாய் ஊரிடமும் தன்னிடமும் சொல்லிவந்தாள். இந்த வருஷம் மகள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். புருஷன் பிடித்து இழுக்கக்கூடாதாம். புத்தி சொல்லித் திருப்பி அனுப்பினாள். மறுநாளிலிருந்துதான் விரல் மடங்கவில்லை.

குழாயைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகும் பல வாரம் போய்ப் பேசினாள். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. மகளுக்கு போன் போட்டாள்.

"மக்களே, கை சரியாயிட்டுட்டி. அம்மா பண்ணது பாவம். வந்திரு."

"கை சரியாயிட்டா? நல்லது. எனக்கு முடி வளந்துட்டும்மா. அவன் கைக்கு எட்டுது."

"வந்திருட்டி..."

"வந்துதான நின்னேன்? போனை வச்சிருதேன்."

அப்புறம் எத்தனை தடவை போட்டும் மகள் போனை எடுக்கவில்லை. மறுநாள் கடையில் வத்தல் மூட்டையைப் பிரித்து உட்கார்ந்தாள். விரல்கள் பிசகாமல் கிள்ளிப் போட்டன.

"அடிபொளி சேச்சி!" என்றான் ஷிபு. "பழைய ஸ்பீடு அப்படியே இருக்கே!"