கோகிலவாணியின் கீழாநெல்லி

எதிரில் வருபவரின் கீழ் இமையை இழுத்துப் பார்த்த பிறகுதான் கோகிலவாணிக்குப் பேச்சு வரும். பஸ் கண்டக்டரைக்கூட விட்டதில்லை. "கண்ணு வெளுத்திருக்குதுங்க, முருங்கைக்கீரை சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் டிக்கெட்டுக்குக் கை நீட்டுவார்.

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பில் குனிந்து கிடப்பார். ஒவ்வொரு இணுக்காகத் திருப்பி, இலைக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்கினால்தான் அது கீழாநெல்லி என்று பிடுங்குவார். ரோட்டோரச் செடியைத் தொடமாட்டார். "அங்கெல்லாம் களைக்கொல்லி அடிச்சிருப்பாங்க. காமாலைக்குக் குடிச்சுப்போட்டு அப்பறம் வெசத்துக்கு வைத்தியம் பாக்கோணும்." காமாலை என்று கேட்டு வருபவர்களில் மாசமாக இருப்பவர்களுக்குக் கிடையாது. சர்க்கரை மாத்திரை போடுகிறவர் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.

போன ஆடியில், ஆந்திராவில் போர்வெல் போட்டுவிட்டுத் திரும்பிய ரிக் வண்டி டிரைவர் சிவக்குமார், மனைவி வெண்ணிலாவோடு வந்தார். கண் இரண்டும் மஞ்சள்.

"தழையக் குடுங்கக்கா. மோர்ல கலக்கிக் குடிச்சுட்டு திங்கக்கெழம வண்டி ஏறோணும்."

"மேல்வவுறு வலிக்குதுங்களா தம்பி? குளுரு, காச்சல்?"

"ரெண்டும் இருக்குதுங்க."

பறித்து வைத்திருந்த தழைக்கட்டைக் கோகிலவாணி தன் பைக்குள் திணித்தார். "அப்படீன்னா இது உங்களுக்கு இல்லைங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

சிவக்குமாருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊருக்கே குடுக்கறீங்க. எனக்கு மட்டும் என்னங்க?"

"எங்கக்கா ஊட்டுக்காரருக்கும் குடுத்தேனுங்க. அன்னைக்குக் கண்ணை மட்டுந்தான் பாத்தேன், வவுத்தைக் கேக்கல. ஒரு மாசம் ஐசியூல கெடந்து பொழச்சாரு."

கோகிலவாணியே ஆட்டோ பிடித்து இருவரையும் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார்.

ஸ்கேனில், பித்தக்குழாயை ஒரு கல் அடைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சீழ் ரத்தத்தில் ஏறியிருக்கும் என்றார் டாக்டர். அன்றே கல்லை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் வார்டில் வெண்ணிலா தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப கீழாநெல்லி சும்மாதானுங்களாக்கா?"

"சும்மா இல்ல சாமி. எதுக்கு, ஆருக்குன்னு இருக்குதல்ல. அடச்சுட்டு நிக்கிற கல்லை அது என்ன பண்ணும்?"

நர்ஸ் கையெழுத்துக்குக் கூப்பிட, வெண்ணிலா எழுந்து போனார். கட்டிலடியில் இருந்த அவருடைய ஒயர்கூடையில் ஒரு பாட்டில் பச்சையாகத் தெரிந்தது. கோகிலவாணி மூடியைத் திறந்து முகர்ந்தார். யாரோ அரைத்துக் கொடுத்த தழைச்சாறு. எடுத்துப்போய் வாஷ்பேசினில் கவிழ்த்தார். மூன்று முறை அலசி, குடிதண்ணீர் பிடித்து, மூடியை இறுக்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.