ஹுஸ்னாவுக்குப் பரிசு விழக்கூடாது

பேகம்பூர்ப் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்கள் பகுதிக்குள் கேமராவோடு நுழைய முடிந்த ஒரே ஆள் ஹுஸ்னாதான். மற்ற போட்டோகிராபர்கள் எல்லாம் ஆண்கள். திரைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையோடு நின்றுவிடுவார்கள். திரைக்கு இந்தப் பக்கம் முக்காடு விலகும், பின்னல் அவிழும், மணப்பெண் தோழிகளோடு சேர்ந்து வயிறு வலிக்கச் சிரிப்பாள். அதையெல்லாம் எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பென் டிரைவில் போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பாள். யார் மூலமும் கொடுத்தனுப்ப மாட்டாள்.

விளம்பரம் என்று அவள் எதுவும் செய்ததில்லை. யாராவது சாம்பிள் காட்டச் சொன்னால், "ஒங்க வீட்டுப் பொண்ணு படத்த நாளைக்கு அடுத்த வீட்டுல காட்டுனா ஒங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும். அவளுடைய கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட்டே கிடையாது. வேண்டுமென்றே வைத்துக்கொள்ளவில்லை. ஊர்ப் பெண்களுக்கு அது தெரியும், அதனால்தான் கூப்பிட்டார்கள். சைதூன் மாமி தன் மகன் நிக்காஹ்வுக்குப் பேச வந்தபோது, "எம் மருமக முகத்த ஒங்கிட்ட அமானிதமாத் தர்றேம்மா, பத்திரமாப் பாத்துக்க" என்றார். நம்பி ஒப்படைத்த பொருளை அப்படித்தான் சொல்வார்கள். ஹுஸ்னா தலையாட்டினாள்.

ஆள் அப்படி இருந்து என்ன, கம்ப்யூட்டர் சொல்லி அழ வேண்டிய சரக்கு. ஒரு கல்யாண வீடியோவை முடிப்பதற்குள் ஒன்பது தடவை உறைந்து நிற்கும். சூடு தாங்காது என்று பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே டேபிள் ஃபேனை ஊதவிட்டிருந்தாள். அவள் கணவன் முகமது யாசின் தோல் கிடங்கில் வேலை பார்ப்பவன். "புள்ளைக்குக் காய்ச்சலா? செத்த நேரம் நெத்தியில ஈரத்துணி போட்டுப் பாரேன்" என்று அதைக் கிண்டல் செய்வான்.

இந்த லட்சணத்தில்தான் அந்த அறிவிப்பு அவள் கண்ணில் பட்டது. சென்னையில் கேமிங் கம்ப்யூட்டர் பூட்டித் தருகிற ஒரு சேனல்காரன், ஒவ்வொரு பாகத்தையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஒன்றை இலவசமாகத் தருகிறானாம். 'உங்கள் டப்பா சிஸ்டத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். லைக் அதிகம் வாங்கும் பத்துப் பேருக்குள் ஞாயிற்றுக்கிழமை லைவில் குலுக்கல்.' ஹுஸ்னா பிறந்ததிலிருந்து ஒரு கேம் ஆடியதில்லை. ஆனால் விளையாட்டுக்குக் கட்டிய மிஷின் வீடியோ வேலையை ஊதித் தள்ளிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஓசின்னா எனக்கொண்ணு, எங்கப்பனுக்கொண்ணா?" என்று யாசின் சிரித்தான்.

"நீங்க சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் அடுத்த தடவை உறைந்து நின்றபோது செல்போனில் ஒரு படம் எடுத்தாள். திறந்து கிடந்த பெட்டி, ஊதுகிற ஃபேன், திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம். பூப்படம் வைத்துப் பூட்டியிருந்த இன்ஸ்டா கணக்கை எல்லோருக்கும் திறந்துவிட்டாள், திறந்திருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம். படத்தைப் போட்டு, சேனல்காரன் கேட்டபடி போன் நம்பரையும் அனுப்பினாள். சனங்களுக்கு அந்த ஃபேன் ரொம்பப் பிடித்துப்போயிற்று. லைக் மளமளவென்று ஏறியது. வெஞ்சனம் கிண்டுகிற கையோடு போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் பத்துப் பேருக்குள் வந்துவிட்டாள் என்று சேனல் அறிவித்தபோது, யாசினுக்கே கொஞ்சம் ஆசை வந்துவிட்டது.

அப்போதுதான் ஒருவன் கீழே எழுதியிருந்தான்: 'கம்ப்யூட்டர விடுங்க, ஸ்க்ரீன்ல சிரிக்கிற பொண்ணு யாரு?'

ஹுஸ்னா படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். சுற்றுகிற வட்டத்துக்குப் பின்னால் ஷமா. சைதூன் மாமியின் மருமகள். மருதாணி போட்ட சாயங்காலம், முக்காடு தோளில் கிடக்க, தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிற ஷமா. நாளெல்லாம் முகங்களையே பார்த்துப் பார்த்து, அந்த முகம் அவள் கண்ணுக்குத் தெரியாமலே போயிருந்தது. இன்டர்நெட்டே இல்லாத கம்ப்யூட்டருக்குள் காபந்து பண்ணி வைத்ததை, தன் கையில் இருந்த போனாலேயே ஊருக்குக் காட்டியிருக்கிறாள்.

உடனே அழித்தாள். அழித்து என்ன பயன்? சேனல்காரன் பத்துப் படங்களையும் தன் பக்கத்தில் பெரிசாகப் போட்டிருந்தான். 'தயவுசெய்து என் படத்தை எடுத்துவிடுங்கள்' என்று செய்தி அனுப்பினாள். 'வாழ்த்துகள்! ஞாயிறு லைவில் சந்திப்போம்' என்று தானாகப் பதில் போடும் மிஷின் சொன்னது. மறுபடி அனுப்பினாள், மறுபடி வாழ்த்தியது. படத்துக்குக் கீழேயே எழுதலாம் என்றால், எழுதினவுடன் பார்க்காதவனும் உற்றுப் பார்ப்பான். யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்குப் பிறகு போன் அடித்தாலே உடம்பு தூக்கிப் போட்டது. எண்ணெய்க் கடைக்காரர் கூப்பிட்டாலும் சைதூன் மாமியோ என்று பயந்தாள். கல்யாணமாகி இன்னும் மருதாணி நிறம்கூட மங்காத பெண். அந்த வீட்டில் அவளை என்ன சொல்வார்கள், பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று நினைத்து, போட்ட சோற்றைத் திரும்பச் சட்டியிலேயே கொட்டினாள். தொழுது முடித்துக் கையேந்தும்போது, போன வாரம் வரை எது கிடைக்க வேண்டும் என்று கேட்டாளோ அது கிடைக்கவே கூடாது என்று அழுதாள். ஜெயிக்கிறவர்களின் படத்தைத் திரை முழுக்கக் காட்டுவான் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை பகல். யாசின் தன் போனைச் சுவரில் சாய்த்து வைத்தான். சேனல்காரன் கூவினான், சக்கரம் சுற்றியது, தயங்கித் தயங்கி அவள் பெயரில் வந்து நின்றது.

"யா அல்லாஹ்" என்றாள் ஹுஸ்னா.

நினைத்தது போலவே படம் திரையை அடைத்துக்கொண்டு விரிந்தது. பெட்டியும் ஃபேனும் ஓரத்துக்குப் போய்விட, நடுவில் ஷமா சிரித்தாள். "இப்ப வின்னருக்குக் கால் பண்றோம். எடுக்கலைன்னா அடுத்த ஆளு!" என்றான் சேனல்காரன். யாசின் கையிலிருந்த அவளுடைய போன் அடிக்க ஆரம்பித்தது.

"எடுக்கவா?" என்று கேட்டான் யாசின். எத்தனை வருஷம் அவள் அந்த ஓட்டைப் பெட்டியோடு மல்லுக்கட்டினாள் என்று அவனுக்குத் தெரியும்.

"வேணாம். விட்டுருங்க."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது அடிக்கிற வரைக்கும் ஷமாவின் முகம் திரையை விட்டு இறங்கவில்லை. ஒரு ரிங் இவ்வளவு நீளமா? கடைசியில் ஓய்ந்தது. "போச்சே! அடுத்தது!" என்று அவன் படத்தை மாற்றினான். ஹுஸ்னா எழுந்து புர்காவை மாட்டினாள். யாரோ போய்ச் சொல்வதற்கு முன்னால், தானே சைதூன் மாமியின் காலில் விழுந்து சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். பூட்டுக் கடைகள் இருக்கும் தெருவைத் தாண்டும்போது திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நின்றாள்.

கதவைத் திறந்தது ஷமாதான்.

"ஷமா, எங்கையால ஒரு தப்பு நடந்துபோச்சும்மா. மாமிகிட்டச் சொல்லிரலாம்னு..."

ஷமா வெளியே வந்து கதவைப் பாதி சாத்தினாள். "தெரியும்க்கா. எங்கூடப் படிச்சவ அன்னைக்கே அந்தப் படத்த எனக்கு அனுப்பிட்டா."

"அப்பறம் ஏம்மா கூப்புட்டு ஒரு வார்த்த திட்டல?"

"திட்டுனா பதறியடிச்சு இங்க வந்து சொல்லிருவீங்கன்னு பயந்தேன். இப்ப வந்துட்டீங்கள்ல?" அவள் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "மாமிக்கும் தெரியாது, அவுகளுக்கும் தெரியாது. தெரிஞ்சா யாரு எடுத்தா, யாரு போட்டான்னு கேக்க மாட்டாகக்கா. நீ ஏன் அப்புடிச் சிரிச்சேன்னுதான் கேப்பாக."

ஹுஸ்னா இத்தனை நாளும் தன் பயம்தான் பெரிது என்று இருந்துவிட்டாள்.

"யாரும்மா வாசல்ல?" உள்ளேயிருந்து சைதூன் மாமியின் குரல்.

ஷமா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"நாந்தான் மாமி, ஹுஸ்னா. இந்தப் பக்கம் வந்தேன், ஒங்களப் பாத்துட்டுப் போலாம்னு."

"உள்ள வாம்மா, டீ குடிச்சிட்டுப் போ."

போய் உட்கார்ந்தாள். சைதூன் மாமி தன் கடைசி மகள் கல்யாணத்துக்கும் ஹுஸ்னாதான் வீடியோ எடுக்க வேண்டும், வேறு யாரை நம்ப முடியும் என்று பேசிக்கொண்டே போனார். அவர் பக்கத்தில் கிடந்த போன் ஒவ்வொரு தடவை அதிர்ந்தபோதும் ஷமா அதைப் பார்த்தாள். ஹுஸ்னாவும் அதைத்தான் பார்த்தாள்.