மகன் இருக்கிறான் என்று சொல்லப்போன உம்மா

தந்தவனும் அல்லாஹ், எடுத்துக்கொண்டவனும் அல்லாஹ். உம்மாவின் ஓராண்டு நினைவுக் கத்தத்துக்கு ஓத வந்திருக்கும் உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? ஆனாலும் ஒரு சங்கதி உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை.

உம்மா கல்முனையில், கடலிரைச்சல் கேட்கும் குறுகலான ஒழுங்கையில் பிறந்தவர். எங்கள் வழக்கப்படி கலியாணத்துக்குப் பின்னும் தாய்வீட்டிலேயே இருந்தார்; சம்மாந்துறையிலிருந்து வாப்பாதான் வந்து சேர்ந்தார். வாப்பா மவுத்தாகி எங்களை விட்டுப் போனபோது தம்பி கைக்குழந்தை. அதன்பின் உம்மாவின் காலமெல்லாம் தையல் மெசினோடு போயிற்று. கோபம் வந்தால் மெசின் வேகமாக ஓடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வீட்டுக்குள் போவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவெடுப்போம்.

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த தம்பி, இராணுவத்தின் செலவில் பொறியியல் படிக்கும் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்திருப்பதாக ஒருநாள் சொன்னான். படிப்பு முடிந்ததும் அங்கேயே அதிகாரியாக வேலை செய்ய வேண்டும். மெசின் நின்றது. "ஆமிக்கா?" என்று மட்டும் உம்மா கேட்டார். சில நாள் மெசின் வேகமாகவே ஓடியது. அவனுக்கு உடல் நிறை போதாது என்று தெரிந்ததும் மனம் கேட்காமல் எருமைத் தயிரும் அவித்த முட்டையுமாகத் திணிக்கத் தொடங்கினார். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவன் கடற்கரையில் ஓடுவான். இவர் மீன் வாங்கும் சாட்டில் காவல் நிற்பார். அந்த மாதங்களில் வீட்டில் எந்த வேளையும் மீன்தான். அவன் ஓடியதற்கு நான் தின்று தீர்த்தேன்.

நேர்முகத்தில் தேறிவிட்டான். இனி இராணுவத்திலிருந்து ஊருக்கு ஆள் வந்து குடும்பத்தை விசாரித்து, சரியென்று எழுதினால்தான் இடம் உறுதி. ஒரு மாலை சாதாரண உடுப்பில் இருவர் வந்து தம்பியின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அவன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான்.

"அவன் இஞ்ச இல்ல. கட்டாருக்கு வேலைக்குப் போயிட்டான்" என்றார் உம்மா.

பக்கத்து வீடுகளிலும் கேட்டார்கள். "அப்பிடி ஒரு பொடியன் இந்த ஒழுங்கையிலேயே இல்லயே" என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள். யுத்த காலத்தில் துவக்கு நீட்டி ஆள் கேட்டபோது பழகிய வாய்கள் அவை. ஒருவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

குளித்துவிட்டு வந்து சங்கதியைக் கேட்ட தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "அவங்க என்ட விசாரணைக்கு வந்தவங்க உம்மா! இல்லாதவனுக்கு ஆரு இடம் குடுப்பாங்க?"

மறுநாள் காலை உம்மா அபாயாவைப் போட்டுக்கொண்டு, "உனக்குச் சிங்களம் தெரியுமே, வா மகள்" என்றார். இராணுவ முகாமைக் கண்டால் வீதியின் மறுகரைக்கு மாறுகிறவர், அன்று நேரே அதன் வாசலுக்குப் போனார். உள்ளே இருந்த அதிகாரி இளைஞர். நடந்ததை நான் சொன்னதும், ஏன் பொய் சொன்னீர்கள் என்று உம்மாவைக் கேட்டார். உம்மா சொன்ன பதிலை நானும் அன்றுதான் முதன்முறை கேட்டேன்.

"பிரச்சினக் காலத்துல துவக்கோட வந்து என்ட கூடப்பொறந்த தம்பியக் கேட்டாங்க. அவங்க ஆரெண்டு இண்டைக்கும் தெரியா. ஓம், உள்ளுக்கு இரிக்கான் எண்டு நாந்தான் கூப்பிட்டுக் குடுத்தன். போனவன் வரல்ல. அதுக்குப் பொறகு ஆர் வந்து கேட்டாலும் இல்லெண்டுதான் வாயில வருது. ஆனா இந்தப் புள்ள படிக்க ஆசப்படுறான். என்ட பயத்துக்காக அவன இல்லாதவனா ஆக்க ஏலா. எழுதிக்கொள்ளுங்க, எனக்கொரு மகன் இரிக்கான்."

பாதிக்கு மேல் ஒவ்வொரு சொல்லாகத்தான் என்னால் சிங்களத்தில் சொல்ல முடிந்தது. அதிகாரி பொறுமையாக இருந்தார். முழுவதையும் கேட்டபின் எழுந்து வாசல்வரை உம்மாவோடு நடந்து வந்தார். விசாரணை மறுபடியும் நடந்தது. ஒழுங்கைக்காரர் இம்முறை தம்பியின் பிள்ளைக் குறும்புகள் வரை சொல்லிக்கொடுத்தார்கள். இடம் கிடைத்தது. படித்து அதிகாரியானான்.

சிறுநீரகம் பழுதாகி உம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தம்பி வேலைத்தலத்திலிருந்து சீருடையோடே ஓடிவந்தான். பக்கத்துக் கட்டிலில், யுத்தத்தில் சீருடைக்காரரிடம் பலரைப் பறிகொடுத்த வீரமுனையைச் சேர்ந்த தமிழ்த் தாயொருவர் அவனைக் கண்டதும் தன் குழந்தையை இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டார். உம்மா கண்விழித்துப் பார்த்தார். "பயப்படாதீங்க புள்ள, இவன் என்ட மகன்" என்றார்.

உம்மாவைக் குளிப்பாட்டியவர்களுக்கும், கபுறுக்குழி வெட்டியவர்களுக்கும், துக்க வீட்டுக்குச் சோறாக்கித் தந்த ஒழுங்கைக்காரருக்கும் எங்கள் நன்றி. உம்மாவின் மறுமைக்காகத் துஆச் செய்யுங்கள். ஆஸ்பத்திரியில், தம்பி வந்த மறுநாள் மருந்தெடுக்கப் போகும்போது தன் குழந்தையைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டுப் போன அந்த வீரமுனைச் சகோதரிக்கும் நன்றி. உம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்மூடினார்.