மழைக்கு முன் அள்ளிய புல்

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையோரம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு இருந்தது. அப்பா லோரி ஓட்டினார். கொட்டகையில் ஏழெட்டு மாடுகள். அவற்றைப் பார்த்துக்கொண்டது அப்பாவின் தங்கை. அத்தைக்கு முப்பது தாண்டியும் கல்யாணமாகவில்லை. அத்தை என்றால் எங்களோடுதான் இருப்பார் என்று ஒன்பது வயதில் நான் நினைத்திருந்தேன்.

வருடக் கடைசியில் மழை பிடித்தால் மேய்ச்சல் நிலம் குளமாகிவிடும். அதற்குள் புல்லை அறுத்துக் காயவைத்துச் சேர்க்க வேண்டும். எங்கள் பக்கத்திலோ காலையில் வெயில் கொளுத்தும், பிற்பகலில் இடி இடிக்கும். ஈரத்தோடு குவித்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடித்துவிடும். அத்தை வானத்தையே பார்த்திருந்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை துணிந்து அறுத்துப் பரப்பினார். அன்று மாலைதான் அப்பா, ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றார்.

"அண்ணே, ஞாயித்துக்கெழமதான் புல்ல அள்ளணும். அடுத்த வாரம் வரச் சொல்லுங்களேன்."

"புல்லு காயல, அப்புறம் வாங்கன்னு மாப்பிள்ள வீட்டுல சொல்லவா? ரொம்ப நல்லா இருக்கும்லா!"

ஞாயிறன்று அத்தை பட்டுச்சேலையில் கேசரித் தட்டோடு வந்தார். மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. அவருடைய அம்மாதான் கேள்விமேல் கேள்வி கேட்டார். அத்தை பதில் சொன்னாலும் கண் ஜன்னலில்தான் இருந்தது. முதல் இடி இடித்ததும் தட்டை என் கையில் திணித்துவிட்டு வெளியே ஓடினார்.

என் அம்மா கூப்பிட்டது அத்தையின் காதில் விழவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்லை வாரத் தொடங்கினார். "தனியா எப்படி அள்ளுவாங்க?" என்று மாப்பிள்ளையும் எழுந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார்.

"அத இதோட சேக்காதீங்க, அது இன்னும் பச்ச!" என்று அத்தை கத்தினார்.

"சரி பாஸ்" என்றார் அவர்.

அத்தை சிரித்துவிட்டார். கடைசிச் சுமை கொட்டகைக்குள் போகவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. இருவர் தலையிலும் புல். எனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது.

"பொண்ணு பாக்க வந்தோம். எம் மவன் மாட்டுக்குப் புல்லு அள்ள வரல" என்றார் அவருடைய அம்மா. அப்பாவின் முகம் செத்துப்போனது. மறுநாள் போனில், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, ஹெல்மெட் போட்ட ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து வாசல் கேட்டருகே நின்றார். அப்பா கேட்டைத் திறக்காமலே பேசி அனுப்பினார். நான் ஹாலில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர் யாரென்று அம்மா சொன்னது, நான் வேலைக்குப் போன பிறகுதான். தன் அம்மாவைச் சம்மதிக்க வைத்துவிட்டதாகவும், அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லும்படியும் அவர் கேட்டாராம். அவளுக்கு இஷ்டமில்லை என்று அப்பா சொல்லிவிட்டாராம். "அந்தம்மா பேசுன பேச்சு அப்பாவுக்கு ஆறல. மாட்ட யாரு பாக்கறதுன்னும் யோசிச்சிருப்பாரு. நானும் வாயத் தெறக்கலடி" என்றார் அம்மா. மானமா, மாடா என்று கேட்க அப்பா அப்போது உயிரோடு இல்லை. அத்தை அதன்பிறகு பெண் பார்க்க யார் வந்தாலும் உட்கார மறுத்துவிட்டார். மாடுகளை விற்றபோது அவருக்குத் தலை நரைத்திருந்தது.

அன்று மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டு அத்தை கொட்டகையிலிருந்து வந்தார். கையில் அப்போதுதான் கறந்த பால் வாளி.

"யாருண்ணே?"

"யாரோ பால் கேட்டு வந்தான். இல்லன்னு அனுப்பிட்டேன்."

"இருக்கே!" என்று அத்தை வாளியோடு கேட்டுக்கு ஓடினார். "அண்ணே, பால் இருக்கு!" என்று சாலையைப் பார்த்துக் கூப்பிட்டார். அதற்குள் வண்டி திருப்பத்தைத் தாண்டியிருந்தது.

வாளி நிறையப் பால் இருக்கும்போது அப்பா ஏன் இல்லை என்றார்? அன்று எனக்குப் புரியாதது அது ஒன்றுதான்.