கிதிர் முகம்மது இறக்கிய பெட்டி

கம்பியின் ஒரு முனையை லாரியின் கியர் பெட்டியில் ஊன்றி, மறுமுனையைக் கடைவாய்ப் பல்லில் கடித்துக்கொண்டு கிதிர் முகம்மது கண்ணை மூடும்போதெல்லாம், அந்தக் கம்பியை அப்படியே அவர் தொண்டைக்குள் இறக்கிவிட்டால் என்ன என்று பலவேசத்துக்குத் தோன்றும். ஒன்பது வருஷமாகத் தோன்றுகிறது. மாதம் ஒரு தடவையாவது தான் ஓட்டுகிற மரலாரியை அவர் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தாமலும் முடியவில்லை. தென்காசியிலிருந்து புனலூர் வரைக்கும் பெட்டி வேலைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. இருந்தால் பலவேசம் எப்போதோ அங்கே போயிருப்பான்.

யானைப்பாலம் தாண்டி, குற்றாலம் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை இல்லை. எந்நேரமும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கும். இடது கால் பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தால் வேலை ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தம். விரல் நின்றுவிட்டால், வெளியே குந்தியிருக்கிற டிரைவர்மார் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்றுவிடுவார்கள்.

வயது ஐம்பத்தைந்து இருக்கும். அச்சன்புதூரில் தறிக்கார வீட்டுப் பிள்ளை. உலக யுத்த காலத்தில் பட்டாளத்து லாரிகளைப் பிரித்துப் பூட்டி, வேலையோடு காது மந்தத்தையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். பல்லால் கேட்கிற பழக்கம் அப்படி வந்ததுதான். வண்டிக்கு என்ன கோளாறு என்று டிரைவரிடம் கேட்க மாட்டார். யாராவது வலிய வந்து சொன்னால், "நீ சொல்லுதது ஒன் கதை. வண்டி சொல்லுதத மொதல்ல கேட்டுக்கிடுதேன்" என்பார். பாதிப் பேர் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரிப்பார்கள். பலவேசம் சிரிப்பதில்லை.

இன்னொரு பழக்கம் உண்டு. எந்தப் பெட்டியை இறக்கினாலும் முதலில் எண்ணெயை வடிப்பார். வெறுமனே வடிப்பதில்லை. அண்ணன் தறியில் நெய்த கோடித் துணி ஒரு முழத்தை வாளி வாயில் கட்டி, அதில் ஊற்றி வடிப்பார். கறுப்பு எண்ணெய் இறங்கியதும் துணியில் தங்கியதை வெயிலில் பிடித்துப் பார்ப்பார். வீட்டில் மனைவி சைதூன் பீவிக்கு வாராவாரம் துணி கிழித்து மடித்து வைப்பது ஒரு வேலை. "ஊரான் வண்டி அழுக்குக்கெல்லாம் நம்ம வீட்டு வேட்டியா" என்று அந்த அம்மாள் கேட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். அந்தத் துணியில்தான் பலவேசத்தின் பிழைப்பும் மாட்டியது.

ஐம்பத்தேழாம் வருஷம் பலவேசம் லாரி டிரைவர் இல்லை. எஸ்டேட் பால்வண்ணநாத பிள்ளையின் கார் டிரைவர். பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு, கறுப்புத் தொப்பி. பிள்ளையிடம் சீமையிலிருந்து வந்த பச்சை நிறப் பந்தயக் கார் ஒன்று இருந்தது. இரண்டே சீட்டு, துணிக்கூரை, தரையை உரசுகிற உயரம். சீசனுக்குக் குற்றாலம் பங்களாவில் அது நிற்கும்போது ஐந்தருவிக்குப் போகிற கூட்டம் நின்று பார்த்துவிட்டுத்தான் நகரும். அதன் ஸ்டீரிங்கைப் பிடித்தவனுக்கு எவ்வளவு திமிர் இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆரியங்காவு இறக்கம் வந்தால் கியரை நியூட்டரில் தள்ளி, எஞ்சினை அணைத்து, சத்தமில்லாமல் உருட்டிவிடுவது அன்றைய மலை டிரைவர்கள் பலரும் செய்ததுதான். பெட்ரோல் மிச்சம். வளைவு நெருங்கும்போது செகண்டு கியரை அடித்துச் செருகினால் எஞ்சின் உதறிக்கொண்டு பிடித்துக்கொள்ளும். பிள்ளை பக்கத்தில் இருந்தால் பலவேசம் ஒழுங்காகக் கியரிலேயே இறங்குவான். எஸ்டேட்டுக்குத் தனியே போய்வரும்போது உருட்டல்தான். "நம்ம பலவேசம் ஒரு காலன் பெட்ரோலுக்கு நாப்பது மைலு ஓட்டுதான்" என்று பிள்ளை விருந்தாளிகளிடம் பெருமையடிப்பார். எப்படி என்று அவர் கேட்டதில்லை. இவனும் சொன்னதில்லை.

அந்த ஆனியில், சாரல் தொடங்கிய வாரம், ஐந்தருவி ஏற்றத்தில் எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. தீய்ந்த நாற்றம். கிளச்சு தேய்ந்துவிட்டது. அதற்கு யாரும் பலவேசத்தைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையே கிளச்சுப் பெடலை மிதித்தபடி ஓட்டுகிறவர். ஆனால் கொஞ்ச நாளாக செகண்டு விழும்போது ஒரு கடகடப்பு இருந்தது. அது இவன் கைக்கு மட்டும் தெரியும்.

அந்தக் காரில் கிளச்சைத் தொடவேண்டுமென்றால் சீட்டைக் கழற்றி, தரைப் பலகையைக் கழற்றி, கியர் பெட்டியைப் பின்னால் இழுத்து இறக்கவேண்டும். கிளச்சு மட்டும் என்றால் பழைய தகட்டில் புதுப் பட்டை அடித்து நாலு நாளில் முடித்துவிடலாம். பெட்டியையும் திறப்பதென்றால் பல்சக்கரம் மதராஸிலிருந்து வரவேண்டும். அதற்குள் சீசன் முடிந்துவிடும்.

கிதிர் முகம்மது பெட்டியை இறக்கினார். எண்ணெயை வடித்தார். துணியை வெயிலில் பிடித்தார்.

"பலவேசம், இங்கன வா. இது என்னது?"

"பழைய எண்ணெய் பாய். கசடு கெடக்கும்."

"கசடு மின்னுமாலே?"

குருணை அளவில் இரண்டு இரும்புத் துணுக்கு. பல்சக்கரத்தின் பல்லிலிருந்து பெயர்ந்தவை.

"கிளச்ச மட்டும் போட்டு மூடிருங்க பாய். பெட்டி இன்னும் ரெண்டு வருசம் ஓடும்."

"ஓடும். ஒருநா ஆரியங்காவு வளைவுல செகண்டு கழண்டு வந்துச்சின்னா அங்கனயே ஓடி முடிச்சிரும், உள்ள இருக்கவனையும் சேத்து. எறக்குன பெட்டியத் தொறக்காம ஏத்துனா நாளைக்கு இதே வேலைய மறுபடி மொதல்லருந்து செய்யணும்லே. ரெண்டையும் ஒண்ணா பாக்கணும்."

"ஐயாவுக்குத் தெரிஞ்சா என்னய நிப்பாட்டிருவாக. வீட்டுல மூக்கம்மாளுக்கு ஏழு மாசம்."

கிதிர் முகம்மது துணியை மடித்தார். "சரி, நீயே போயிச் சொல்லு. பல்லு போயிருக்கு, ரெண்டும் சேத்துப் பாக்கவா, கிளச்சு மட்டும் போதுமான்னு கேளு. எதுன்னு வண்டிக்காரரு சொல்லட்டும். எப்படிப் போச்சுன்னு நான் வலியப் போயிச் சொல்ல மாட்டேன். கேட்டா மறைக்க மாட்டேன்."

பலவேசம் போனான். "கிளச்சு மட்டுந்தானாம் ஐயா. நாலு நாள்ல ஐந்தருவிக்குப் போயிரலாம்" என்றான். பிள்ளைக்கு வாயெல்லாம் பல். கொட்டகைக்குத் திரும்பி வந்து, "ஐயா கிளச்சு மட்டும் போடச் சொல்லிட்டாக" என்றான்.

"பல்லு போனதச் சொன்னியா?"

"சொன்னேன்."

அவர் இவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கம்பி தேவைப்படவில்லை.

மறுநாள் காலை பிள்ளை பங்களாவில் விருந்தாளிகள் அருவிக்குக் கிளம்ப எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். பலவேசம் கிண்ணமும் துண்டுமாக நடுவில் நின்றான். குடையை மடக்கிக்கொண்டு கிதிர் முகம்மது ஏறிவந்தார். காப்பித் தம்ளர்களை ஓரமாக ஒதுக்கி, மேஜை மேல் துணியை விரித்தார்.

"ஐயா, தெரிஞ்சும் கிளச்சு மட்டும் போதும்ன்னு சொன்னியளாம். அத ஒங்க வாயால கேட்டுட்டுப் போவலாம்ன்னு வந்தேன்."

"எது தெரிஞ்சும்?" என்றார் பிள்ளை. குனிந்து பார்த்தார். "இது எப்படிப் போச்சு?"

கிதிர் முகம்மது ஒரு தடவை பலவேசத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சீமைச் சாமான் நம் மலைக்குத் தாங்காது என்று ஒரு வார்த்தை. அதற்கு என்ன குறைந்துபோகும்?

"நியூட்டர்ல உருட்டி, வளைவுல செகண்ட அடிச்சிப் போட்டா இப்படித்தான் போவும்."

இலத்தூர்ப் பண்ணையார் ஆறுமுகநயினார் எண்ணெய்க் கையோடு சிரித்தார். "நாப்பது மைலு எங்கருந்து வந்துச்சின்னு இப்பம்லாவே தெரியுது. ஒம்ம பெருமை பூராவும் உருண்டு வந்த பெருமைதானா?" மற்றவர்களும் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் பிள்ளை நாலு வசவோடு விட்டிருப்பார் என்பது பலவேசத்தின் கணிப்பு.

"கோட்டக் கழத்தி அந்தக் கொடியில போட்டுட்டுப் போலே" என்றார் பிள்ளை.

"ஐயா, அவன நிறுத்தச் சொல்லி நான் வரல. பெட்டியத் தொறக்கவா வேண்டாமான்னுதான்..."

"ரெண்டையும் சேத்துப் பாரும். சீசன் போனாப் போவுது."

இப்படியாக முடிவாயிற்று. பலவேசம் பனியனோடு சாரலில் நனைந்தபடி தென்காசிக்கு நடந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு மூக்கம்மாள், "பாய் என்ன செஞ்சாரு? நீங்க செஞ்சதத்தான சொல்லிருக்காரு" என்றாள். சொன்னவள்தான் அடுத்த வாரம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அரிசி ஆலைக்கு நெல் புடைக்கப் போனாள். எந்த முதலாளியும் இவனைக் காரில் ஏற்றவில்லை. கியர்ப் பல்லை உடைத்தவன் என்று பெயர். அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் டிரைவர்கள் உருட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பெட்டி எதுவும் அந்தத் துணிக்கு வந்து சேரவில்லை.

ஆவணிக் கடைசியில் கார் தயாரானது. பிள்ளை வைத்த புது டிரைவர் அய்யாக்குட்டி அதை எடுக்க வந்தான். பத்து வருஷம் பஸ் ஓட்டிய முரட்டுக் கை. எதிரே டீக்கடை பெஞ்சில் பலவேசம் உட்கார்ந்திருந்தான், ஏதாவது லாரிக்கு மாற்று ஆள் தேவைப்படுமா என்று. கொட்டகை வாசலில் கார் நகர்ந்தது, செகண்டு கறகறவென்று அலறியது, வண்டி நின்றது. மறுபடியும் நகர்ந்தது, மறுபடியும் அலறியது. பலவேசத்துக்கு முதல் தடவை சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் தடவை பல் கூசியது.

கிதிர் முகம்மது கையைத் துடைத்துக்கொண்டு சாலையைத் தாண்டி வந்தார். பெஞ்சுக்கு முன்னால் நின்றார்.

"பஸ்ஸுக்குப் போடுத மாதிரிப் போடுதான். இப்படிப் போட்டா இன்னைக்கே புதுப் பல்லும் போயிரும்."

"போவட்டும்."

"ஒனக்கு அப்படித்தான் இருக்கும்."

"நீங்களே ஓட்டிக் காட்ட வேண்டியதான பாய்?"

"எனக்கு ஓட்டத் தெரியாதுலே" என்றார். அத்தனை வண்டியைப் பிரித்துப் பூட்டிய மனிதர் அதை வெட்கமில்லாமல் சொன்னார். "அது எங்கன விழும்னு ஒன் கைக்குத்தான் தெரியும்."

மன்னிப்புக் கேட்கிற முகம் இல்லை. கோபப்படுகிற முகமும் இல்லை. ஒரு திருகாணி வேண்டும், எடு என்கிற முகம். வேலை போனதைக்கூட பலவேசம் சில நாள் மறந்துபோவான். அந்த முகத்தை இன்றுவரை மறக்கவில்லை. அன்றைக்குப் பிறகு கிதிர் முகம்மது இவனிடம் எதையும் கேட்டதும் இல்லை.

ஸ்டீரிங்குக்குப் பின்னால் அய்யாக்குட்டி வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். கிதிர் முகம்மது காரைச் சுற்றிப்போய், முதலாளி உட்காருகிற இடது பக்கக் கதவைத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் முழங்கையால் முட்டுக்கொடுத்து, பலவேசத்தைப் பார்த்து நின்றார்.

"இதுல ஏறிக்கோ. அவன் கை மேல ஒங்கைய வச்சி, ஒருக்க செகண்டு போட்டுக் காட்டு."