மதகுக்கு இந்தப் பக்கம் வலது குழல் காலி

அண்ணனின் முதல் வருஷத் திதிக்கு வரும் உங்கள் எல்லோருக்கும் என் கும்பிடு. நான் அவருக்கு நேர் இளைய தங்கை. எட்டாவது வரைக்கும் படித்தேன். இந்த நினைவுப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் போதும் என்று அச்சகத்துக்காரர் சொன்னார். நான் அதற்கு மேல் எழுதுகிறேன். ஒன்று சொல்ல வேண்டி இருக்குது. அதைச் சொல்லாமல் அவர் படத்துக்கு மாலை போட எனக்குக் கை வரவில்லை.

அண்ணன் பிறந்தது கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில். அந்த ஊர் இப்போது இல்லை. நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. வீடு, கிணறு, கோயில் எல்லாம் போனது. அப்பா அடுத்த வருஷமே போய்விட்டார். அதற்கப்புறம் அம்மா இரண்டு மழைக்காலம்தான் இருந்தார்கள். அப்போது அண்ணனுக்குப் பத்தொன்பது வயசு. எனக்குப் பன்னிரண்டு. தம்பிக்கு ஐந்து.

அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு விருத்தாசலம் வந்தார். ஊருக்கு வெளியே, கம்மாபுரம் ரோட்டை விட்டு உள்ளே, கடைசி வீடு. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்கள் நிலம். பீங்கான் கம்பெனியில் சூளைக்கு ஏற்றி இறக்கும் வேலை. பியூஸ் கட்டை, பொம்மை, எது வந்தாலும் ஏற்றுவார். வேலை இல்லாத நேரம் வயல். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. கேட்டால், "வர்றவளுக்கு எங்க வூட்ல எடம் ஏது?" என்று சிரிப்பார். என்னைக் கட்டிக் கொடுத்தார். நான் தாலி இழந்து திரும்பி வந்தபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். தம்பிக்குத் திட்டக்குடியில் பெண் எடுத்தார். தம்பி அங்கேயே இருந்துவிட்டான்.

இப்போது துப்பாக்கி விஷயம். உங்களில் பாதிப் பேருக்கு அண்ணன் என்றால் அதுதான் ஞாபகம் வரும்.

காட்டுப்பன்றி ஒரே நாளில் அரைக் காணி கடலையை உழுதுவிட்டுப் போகும். எங்கள் பக்கம் இரண்டு வீட்டில் திருட்டும் போனது. அண்ணன் பயிருக்கும் வீட்டுக்கும் சேர்த்து லைசென்ஸ் கேட்டு எழுதிப் போட்டார். கடலூருக்கு எத்தனை நடை நடந்தார் என்று எனக்குத் தெரியாது. செருப்பு மூன்று ஜோடி தேய்ந்தது. அது தெரியும்.

வாங்கப் போன இடத்துக்கு நானும் போனேன். கடைக்காரர் சொன்னார், "வயலுக்குன்னா நீளக் குழல் நல்லது. வூட்டுக்குன்னா குட்டைக் குழல். உங்களுக்கு எது?"

அண்ணன் சொன்னார், "எனக்கு இருக்கிறது ஒரு தோளுதாங்க. ஒண்ணே குடுங்க. ரெண்டுக்கும் நான் பழக்கிக்கிறேன்."

இரட்டைக் குழல் ஒன்று எடுத்தார். வீட்டுக்கு வந்து அதைப் பழக்கினார். மாட்டைப் பழக்குவது மாதிரிதான். கட்டையின் அடியில் லாரி டியூப் ரப்பரை வெட்டி ஒட்டினார். சுட்டால் தோள் வலிக்காது. வரப்பில் நடக்கும்போது இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும் என்று வார் தைத்தார். குழல் முனையில் குறி பார்க்கச் சின்னதாய் ஒரு பித்தளை மணி இருந்தது. மங்கலில் அது தெரியவில்லை. கம்பெனியில் உடைந்த பீங்கானைக் கொண்டுவந்து, தேய்த்துத் தேய்த்துக் கடுகளவு ஆக்கி, அந்த மணியின் மேல் ஒட்டினார். அதற்கு ஒன்பது நாள் ஆனது. பனி மூடின விடியலிலும் அந்த வெள்ளைப் பொட்டு தெரியும்.

தோட்டா விஷயத்தில்தான் அவர் கறார். அந்தத் துப்பாக்கிக்கு இரண்டு விசை. முன் விசை வலது குழலுக்கு. பின் விசை இடது குழலுக்கு. வயலில் வலதுக்குப் பொடிக் குண்டு. பன்றிக்கு மேலே சுட்டு விரட்ட. இடதுக்குப் பெரிய குண்டு. அது திரும்பிப் பாய்ந்தால் மட்டும். வனத்துறை அனுமதி வந்த வருஷம் இரண்டு பன்றி விழுந்தன. வராத வருஷம் வானத்தைப் பார்த்துத்தான் சுட்டார்.

வீட்டில் வேறு கணக்கு. இடதில் மட்டும் தோட்டா. வலது காலி. எப்போதும் காலி.

ஏன் என்று கேட்டேன்.

"பயத்துல கை மொதல்ல முன் விசைக்குத்தான் போவும், பாப்பா. டக்குனு சத்தம் மட்டும் வரும். அதுக்குள்ள நமக்குப் புத்தி வந்துடும். வந்தவனுக்கும் வந்துடும். அந்தக் காலியையும் ஆளுக்கு நேரா நீட்டக் கூடாது. மேல பாத்து நீட்டணும்."

எனக்கு நாற்பது வயசு தாண்டியும் பாப்பாதான்.

வாய்க்கால் மதகுதான் எல்லை. வயலுக்குப் போகும்போது மதகில் நின்று துப்பாக்கியை மடித்துத் திறந்து வலதில் தோட்டா போடுவார். வரும்போது அதே இடத்தில் திறந்து எடுப்பார். குழலில் கண் வைத்து ஆகாயம் தெரிகிறதா என்று பார்ப்பார். தினமும். பக்கத்து வயல்காரர்கள் கிண்டல் செய்வார்கள். "என்ன, மதகுக்குப் பூசை ஆச்சா? சுண்டல் எங்க?" அண்ணன் சிரிப்பார். ஒரு நாளும் விட்டதில்லை.

விட்டது நான்.

இதை எழுதும்போதே மூன்று தடவை எழுந்து போய்ப் பின் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். உட்கார முடியவில்லை. எழுதி முடித்துவிடுகிறேன்.

அந்த வருஷம் அண்ணனுக்கு மத்தியான ஷிப்ட். நான் தனியாக இருப்பேன். கொல்லையில் தேங்காய் மட்டை விழுந்தால்கூட உடம்பு தூக்கிப் போடும். திருடன் வந்து, நான் விசையை இழுத்து, டக்கென்று காலியாய்ச் சத்தம் வந்தால் அவன் சிரிப்பானே என்று நினைத்தேன். சட்டப்படி அந்தத் துப்பாக்கியை நான் தொடக் கூடாது. தொட்டேன். அண்ணன் வேலைக்குக் கிளம்பினதும் வலது குழலில் ஒரு பொடிக் குண்டுத் தோட்டா போடுவேன். அவர் வருவதற்கு முன்னால் எடுத்துவிடுவேன். இரண்டு மாசம் இப்படிச் செய்தேன். அவருக்குத் தெரியாது.

அதே சமயம் எங்கள் நிலத்தையும் சுரங்கத்துக்கு எடுக்கப் போவதாகப் பேச்சு வந்தது. தம்பி கொடுத்துவிடலாம் என்றான். அண்ணன், "ஒரு ஊர குடுத்தாச்சு, போதும்" என்றார். பேச்சு தடித்தது. தம்பி வருவதை நிறுத்திவிட்டான்.

ஒரு நாள் அண்ணன் காய்ச்சலோடு பாதி ஷிப்டில் வந்துவிட்டார். நேராகக் கட்டிலில் படுத்தார். துப்பாக்கி அவர் தலைக்கு மேலேதான் ஆணியில் தொங்கும். நான் கஷாயம் வைத்தேன். அவருக்குத் தெரியாமல் எப்படி எடுப்பது? காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

விடியப் போகிற நேரம். மார்கழிப் பனி. கரண்ட் இல்லை. பின் கதவின் கொக்கியை யாரோ வெளியிலிருந்து நெம்பினார்கள். அண்ணன் எழுந்து ஆணியிலிருந்து துப்பாக்கியை எடுத்துவிட்டார்.

"யாரது?"

கொக்கி கழன்று விழுந்தது.

"யாருடா? சொல்லிட்டு வா!"

கதவு திறந்தது. அண்ணன் குழலை மேலே தூக்கி முன் விசையை இழுத்தார். டக் வரவில்லை. வெடித்தது.

"அய்யோ அண்ணா!"

தம்பியின் குரல். காதைப் பொத்திக்கொண்டு ஓடினான். தரையில் ரத்தம் சொட்டு சொட்டாய்க் கிடந்தது. அப்புறம்தான் தெரிந்தது. நிலத்துப் பட்டா நகல் எடுக்க வந்திருக்கிறான். அந்த நேரம் அண்ணன் வயலில் இருப்பார், அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று வந்தவன். சின்ன வயசிலிருந்தே அந்தக் கொக்கியை நெம்பித்தான் உள்ளே வருவான். அண்ணன் குரல் கேட்டதும் வாயடைத்துப் போயிருக்கிறான்.

அண்ணன் துப்பாக்கியை மடித்தார். வலது குழலில் வெடித்த தோட்டாக் கூடு. அதை எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன். கூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் செருப்புகூடப் போடாமல் தம்பியைத் தேடி ஓடினார். அவன் கிடைக்கவில்லை.

மாமா வீட்டில் கூடிப் பேசினது உங்களில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். தம்பி காதில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். "நெலத்துக்காக என்னச் சுட்டாரு" என்றான்.

மாமா கேட்டார், "ஏம்ப்பா, கூடப் பொறந்தவன் மேலயா குழலத் தூக்குவ?"

"தம்பின்னு தெரியாது மாமா. வலதுல தோட்டா இருந்தத நான் மறந்துட்டேன். என் தப்புதான்."

"மதகுல பூசை போட்டவரு வூட்ல கோட்டை வுட்டுட்டாரு" என்று ஒருத்தர் சொன்னார். சிரித்தார்கள். நான் கதவோரம்தான் நின்றேன். என் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, "ஏண்ணா நீ சொல்லல?" என்று கேட்டேன்.

"வூட்ல இருக்கிற சாமானுக்கு லைசென்ஸ்காரன்தான் பொறுப்பு. நீ கஞ்சியப் பாரு" என்றார். அவ்வளவுதான். ஒன்பது வருஷம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் எடுக்காததால் நானும் எடுக்கவில்லை. அப்படிச் சொல்வதும் பொய். எனக்குப் பயம்.

இரண்டு தடவை ஆள் மூலம் தம்பிக்குச் சொல்லி அனுப்பினார். "கதவ வந்து பாக்கச் சொல்லு, அது போதும்." தம்பி திருப்பிச் சொல்லி அனுப்பினான், "ரெண்டாவது குழல்ல எனக்கு என்ன வச்சிருக்காராம்?" அதற்கப்புறம் அண்ணன் யாரையும் அனுப்பவில்லை.

நிலம் இன்னும் போகவில்லை. அண்ணன்தான் போனார். சூளைத் தூசி நெஞ்சில் அடைத்துவிட்டது என்றார்கள். கடைசி ஆறு மாசம் மதகு வரைக்கும் நடக்க முடியவில்லை. தேர்தல் வந்தது. லைசென்ஸ்காரர்கள் எல்லோரையும் மாதிரி துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். அது திரும்பி வருவதற்குள் அவர் போய்விட்டார். கடைசியாகத் தெளிவாய்ப் பேசினது இதுதான்: "கதவு மேல சாந்து பூசிடாத, பாப்பா." கொள்ளி வைக்கத் தம்பி வரவில்லை. மாமா மகன் வைத்தார்.

போன மாசம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். "அம்மா, உங்க பேருக்கு மாத்திக்கிறீங்களா, இல்ல ஒப்படைச்சிடுறீங்களா?" என்று கேட்டார்கள். ஒப்படைச்சிடுறேன் என்றேன். மடித்துத் திறந்து பார்த்தார்கள். இரண்டும் காலி. இன்னொரு தடவை பாருங்க என்றேன். பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டேன். முனையில் அந்தப் பீங்கான் பொட்டு அப்படியே இருந்தது.

அண்ணன் மறந்தவர் இல்லை. அந்தத் தோட்டாவைப் போட்டது நான். அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் இனிமேல் என்னைப் பாருங்கள்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தன் ஆட்டோவிலேயே அழைத்துப்போன பக்கத்து வீட்டுக்காரருக்கும், சூளையில் அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்த சிநேகிதர்களுக்கும், ஆறு மாசம் எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினவர்களுக்கும், கொள்ளி வைத்த மாமா மகனுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். கிண்டல் செய்தவர்களும் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். அதையும் மறக்கவில்லை.

இந்தப் புத்தகத்தின் முதல் பிரதி திட்டக்குடிக்குப் போகிறது. திதிக்கு இன்னும் நாலு நாள் இருக்குது.

தம்பி, கதவுக்கு மேலே சுவர் பெயர்ந்த இடத்தை அண்ணன் பூசவில்லை. நானும் பூசவில்லை. உன் காதில் பட்டது குண்டு இல்லை. தெறித்து விழுந்த காரைச் சில்லு. வாசப்படியில் நீ நின்ற இடத்திலேயே நின்று கையைத் தூக்கிப் பார். உன் தலைக்கு மேல் ஒன்றரைச் சாண் இருக்குது. வெடித்த கூட்டை அவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முன் வாசலில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். உனக்குக் கூச்சமாக இருந்தால் பின் பக்கமாகவே வா. கொக்கி போடவில்லை. யாரு என்று கேட்க மாட்டேன்.