ஜெர்மனிக்குப் போன ஒற்றைச் செருப்பு

வெயிலில் காய்ந்த இரும்பும் புது ஷூவின் பசையும் கலந்த வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் காலில் இரண்டு செருப்பும் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். பத்து வயதில் என்னுடைய ஒற்றை ரப்பர் செருப்பைப் பார்த்து ஜெர்மனிக்காரன் ஒரு கப்பலையே திருப்பி அனுப்பிவிடுவான் என்று மனதார நம்பியவன் நான். இப்போது சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்போது மூன்று வாரம் சோறு இறங்கவில்லை.

அப்பாவுக்கு ஆம்பூரில் 'ஹார்பர் சாமுவேல்' என்று பெயர். ஷூ பேக்டரியிலிருந்து சரக்கு லாரியில் ஏறினால் அவரும் கூடவே ஏறிச் சென்னைக்குப் போய், வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோல் மூட்டை அடுக்கக் கட்டிவிட்டுப் போன பழைய 'கிடங்கு' ஒன்றில் அதை இறக்கி, கூலியாட்கள் முதுகில் சுமந்து கப்பலில் சேர்க்கும்வரை காவல் நின்று, எதுவும் நனையவில்லை, உடையவில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவார். வரும்போது பர்மா பஜாரிலிருந்து பாட்டுப் பாடும் கைக்கடிகாரம் மாதிரி ஏதாவது எனக்கு வரும். "எங்கப்பா போவாம கப்பலே கெளம்பாது தெரியுமா" என்று தெருவில் சொல்லித் திரிந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், துறைமுகம் 'டெவலப்' ஆகிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் அந்த டெவலப்மென்ட்டே நீல நிறத்தில், ஒரு வீட்டின் நீளத்துக்கு, பேக்டரி வாசலில் வந்து நின்றது. கன்டெய்னர். சரக்கை இங்கேயே அடுக்கி, இங்கேயே பூட்டி 'சீல்' வைத்துவிட்டால் ஜெர்மனியில்தான் திறப்பார்கள் என்றார்கள். முதலாளி பாய் பாத்தியா ஓதச் செய்து எல்லோருக்கும் பிரியாணி போட்டார். அப்பாவும் ஓரமாக நின்று ஒரு ஜெபம் செய்தார்.

ஓதிய பெட்டி, போதாததற்கு அட்டைப்பெட்டிகளில் மண் படக் கூடாது. அதனால் உள்ளே ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றியாக வேண்டும். சீமைக்கெல்லாம் ஷூ தைக்கிறவர்கள் வெறுங்காலோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போன நானும் கழற்றினேன். ஆனால் சர்ச் வாசலில் இரண்டு ஜோடி பறிகொடுத்த அனுபவசாலி என்பதால், வெளியே விடாமல் கையோடு கொண்டுபோய் அட்டைப்பெட்டிகளின் இடுக்கில் செருகி வைத்தேன். "வெளிய வாடா" என்று விரட்டியபோது அவசரத்தில் உருவியதில் ஒன்றுதான் கைக்கு வந்தது. கதவு சாத்தி, சீல் விழுந்துவிட்டது.

பேக்கிங் மேஸ்திரி கோவிந்தன் என் காலைப் பார்த்தார். "இன்னாடா, இன்னொண்ணு எங்க?"

"உள்ள மாட்டிக்கிச்சு மேஸ்திரி."

அவர் சிரிக்கவில்லை, அதுதான் பெரிய அநியாயம். "போச்சு போ. அவன் ஜோடி ஜோடியா எண்ணுவான். ஒத்தை ஒண்ணு ஜாஸ்தி வந்தா மொத்த சரக்கும் ரிட்டன். ஹார்பர்ல உங்கப்பனைத்தான் புடிப்பாங்க."

ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் கண்ணை மூடியபோது, அந்தக் கப்பலை மூழ்கடித்துவிடும்படி ஆண்டவரிடம் மன்றாடினேன். மாலுமிகளுக்கு நீச்சல் தெரிந்திருந்தால் நல்லது என்றும் சேர்த்துக்கொண்டேன், பாவம் அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்குமே.

கப்பல் ஜெர்மனி போய்ச் சேரும் என்று நான் விரல்விட்டு எண்ணி வைத்திருந்த அதே வாரம், ஒரு மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நான் தேம்பிக்கொண்டே போய்ச் செருப்புக் கதையை ஒப்பித்தேன். அப்பா அப்போதுதான் சட்டைப் பொத்தானை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"ஆமாண்டா. உன் செருப்பாலதான்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா திரும்பிப் பார்த்த பார்வையில் குழம்பைக் கிண்டப் போய்விட்டார்.

கதை உறவு முழுக்கப் பரவியது. கிறிஸ்துமசுக்குப் போனால் சித்தப்பா வாசலிலேயே ஆரம்பிப்பார்: "ஜெர்மனி துரை வந்துட்டாரு. அவரு செருப்பைக் கழட்டுறாரு பாரு, யாருக்கு வேலை போவப் போதோ." எல்லோருக்கும் முந்தி நான் சிரித்துவிடக் கற்றுக்கொண்டேன், நான் தமாஷ்காரன் ஆனது அப்படித்தான். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அப்பா. அதற்குள் அவர் வேறொரு பேக்டரி கேட்டில் வாட்ச்மேன். போகிற வருகிறவர்கள், "இன்னா ஹார்பர், கப்பல் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, சென்னைத் துறைமுகத்தின் பக்கத்திலேயே ஏற்றுமதிக் காகிதங்கள் டைப் அடிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. பேக்டரி வாசலிலேயே சீல் வைக்க வேண்டுமென்றால் துறைமுகச் சுங்க அலுவலகத்தில் வெகுமுன்பே அனுமதி வாங்க வேண்டும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஊருக்கு வந்து டீக்கடையில் அப்பாவிடம் கேட்டேன்.

"வேலை போயிடும்னு பெட்டி வர்றதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் என்னைச் சொன்னீங்க?"

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நீயா வந்து ஒத்துக்கின. எனக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு."

இப்போது அந்தக் கிடங்குகள் பலவற்றைக் காணோம். அங்கே கார்கள் வரிசையாக நின்று கப்பல் ஏறுகின்றன. சரக்கோடு லாரியில் போகிற ஆள் ஆம்பூரில் ஒருவரும் இல்லை. துறைமுகம் வளர்ந்தது என்று எழுதுகிறார்கள், பொய்யில்லை. நடந்தது இவ்வளவுதான்: இனி கூடப் போக ஆள் தேவையில்லை என்று முதலாளி முன்பே முடிவு செய்திருந்தார். அதற்கான அனுமதிக் கடிதத்தைத் துறைமுகத்தில் மூன்று நாள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வந்தவர் அப்பா.